பதினான்காம் மாடியில் ஈ கார்டு

செந்தூல் அடுக்குமாடி. இரவு பதினொன்றரை.
ஆம்பைப் போன வருஷமே விற்றாயிற்று,
மோட்டார் சைக்கிள் சாலைவரிக்கு.
இப்போது கித்தாரின் வயர் நேரே
சிகரெட் டப்பா அளவு ஒரு பெட்டிக்குள்,
அங்கிருந்து மடிக்கணினிக்குள்.

முதலில் வந்தது கொசு.
கண்ணாடிக் குவளையில் அடைபட்ட கொசு.
'ஐயாயிரத்துக்கு மேல இருக்கிறத வெட்டு' என்றான் கோகிலன்,
வாட்சாப்பில், பாதித் தூக்கத்தில்.
வெட்டினேன்.
கெயினைப் பாதியாக்கினேன்.
பயந்த அளவுக்கு வலு குறையவில்லை.
பிறகு ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் எதிரொலிக் கோப்பு:
எந்த ஊரிலோ, எவருடைய அறையிலோ
அரை நொடியில் பிடித்துவைத்த காற்று.
அதை ஏற்றியதும்
தந்திக்கு வயிறு முளைத்தது.

ட்யூப்லைட் இரைச்சல் மட்டும் போகவில்லை.
நாற்காலியோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
பத்துமலைப் பக்கம் முகம் வைத்தால் அடங்குகிறது.
பக்தி இல்லை,
பிக்கப் காயிலின் கோணம்.

நீலவேணி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"என்ன, ரொம்ப நேரமா கம்பியச் சொறிஞ்சிக்கிட்டு இருக்கே?"
அவளுக்குக் கேட்டது அவ்வளவுதான்:
இரும்பில் பிளாஸ்டிக் உரசுவது.
ஹெட்போனை அவள் காதில் மாட்டி
ஒரே ஒரு ஈ கார்டு,
முழுக்க இழுத்தேன்.

"ஐயோ, கொற! கொற!
பக்கத்து வீட்டுப் பிள்ள எழுந்திரிச்சிரும்!"
கத்தினாள்,
தன் குரல் தனக்கே கேட்காமல்.

சுவருக்கு அந்தப் பக்கம்
ரோஸ்னாவின் பிள்ளை வீரிட்டது,
மைக் வைக்காமலே அத்தனை துல்லியமாய்.

விளக்கை அணைக்கும் முன்
அந்த டோனைச் சேமித்தேன்.
பெயர் கேட்டது கணினி.
'கொற கொற' என்று தட்டினேன்.