தள்ளுபடி

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை.
பாலாற்றுப் பாலத்தின் வேலூர் முனையில்
இரண்டு தடுப்பு, ஒரு ஜீப், நாங்கள் மூன்று பேர்.
ஏழு கேஸ் வேண்டும் என்றிருந்தார் இன்ஸ்பெக்டர்.
ஐந்து ஆகியிருந்தது.
ஐந்தாவது ஆள் கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்,
ஊதும்போதே அழுதுவிட்டார்.
மெஷின் அழுகையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்போதுதான் அவன் வந்தான்.
ஐம்பதடி தள்ளி எங்களைப் பார்த்தான்,
எஞ்சினை அணைத்தான், இறங்கினான்,
பிறந்ததிலிருந்தே வண்டியைத் தள்ளுகிறவன் மாதிரி
தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஊது" என்றேன்.
"இன்னாத்துக்கு சார்? நான் ஓட்டலியே."
"இப்பதானே ஓட்டின?"
"அப்பவே ஊதச் சொல்லியிருக்கணும்."

ஜீப்புக்குள்ளிருந்து, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"கூடவே போய்யா ஏட்டு,
எப்படியும் நடுப்பாலத்துல ஏறுவான்.
ஏறினதும் பிடி."

போனேன்.
பேர் முனிரத்தினம்.
சத்துவாச்சாரியில் ஒரு மாடிவீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுகிறான்.
முழங்கை வரை வெள்ளை சிமெண்ட் காய்ந்திருந்தது.
வண்டி ஒரு பக்கம் சாய, அவன் மறுபக்கம் சாய,
இரண்டும் சேர்ந்து நேராகப் போயின.

"போன தடவ பத்தாயிரம் கட்னேன் சார்.
பத்தாயிரம்னா எவ்ளோ தரைன்னு தெரியுமா?
ரெண்டு ஹாலு, ஒரு சமையல் ரூமு.
அவ்ளோவும் முட்டி போட்டுக்கினே ஒட்டணும்."

கீழே ஆறு.
ஆறு என்றால் மணல், சீமைக்கருவேலம்,
யாரோ கொளுத்திவிட்டுப் போன குப்பையில் மிச்சக் கனல்.
கைப்பிடிச் சுவரில் வண்டியைச் சாய்த்து எட்டிப் பார்த்தான்.
"ஆத்துல தண்ணி இல்ல சார், எங்கிட்ட கீது.
இத ஊதச் சொல்லு, ஜீரோதான் காட்டும்.
எந்த ஜென்மத்துலயும் கேஸ் போட முடியாது."

நான் சிரிக்கவில்லை. டூட்டி.

தள்ளியிருந்த ரயில் பாலத்தில்
கூட்ஸ் வண்டி ஒன்று காட்பாடிக்குப் போனது.
"சரக்கு போவுது சார், அத மடக்கு."
அதற்கும் சிரிக்கவில்லை.
ஆனால் வாயை மூட வேண்டியிருந்தது.

நடுப்பாலம்.
நின்றான். சீட்டில் கை வைத்தான்.
நான் மெஷினை உறையிலிருந்து எடுத்தேன்.
சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு
மறுபடி தள்ளினான்.
உறைக்குள் வைத்தேன்.
எடுப்பதும் வைப்பதுமாக இன்னும் இரண்டு முறை.

இந்நேரம் என் இடது முட்டி
தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்திருந்தது.
அவனிடம் சொல்லவில்லை.
திரும்பிக்கூடப் பார்க்காமல்
"உங்களுக்கும் போச்சா சார்" என்றான்,
வேகத்தைக் குறைத்தான்.

விருதம்பட்டு முனையில், விளக்குக்கடியில்,
ஸ்டாண்டு போட்டான்.
வந்த வழியைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான்.
"ஐயே, அம்மாந்தூரம் திரும்ப நடக்கணுமா?
ஏறிக்க சார், விட்டுட்டு வந்துடறேன்."

முட்டி ஏறு என்றது.
அவன் முகத்தில் சூது இருக்கிறதா என்று தேடினேன்.
சிமெண்ட்தான் இருந்தது.

"தள்ளுய்யா" என்றேன், "வீடு வரைக்கும்."

சந்துக்குள் போனான்.
கிக்கரை உதைக்கிற சத்தம் வருமா என்று
அங்கேயே நின்று காது கொடுத்தேன்.
செயின் உரசல். ஒரு நாய். இரும்புக் கேட்.
பிறகு ஒரு பெண்குரல்:
"எங்க, ஊது."

மறுபேச்சில்லாமல் ஊதினான்.
தெருமுனை வரைக்கும் கேட்டது.

திரும்பி நடந்தேன்.
பாலத்தில் பாதி தூரம் வந்து, யாரும் இல்லாதபோது,
மெஷினை எடுத்து நானே ஒருமுறை ஊதினேன்.
ஆறு என்ன காட்டியிருக்குமோ
அதையே காட்டியது.