இரண்டில் இறங்குதல்

சுரங்கத்தின் இருட்டு முடிந்ததும்
தோ-ஆஷூ ஒரேயடியாகக் கீழே விழுகிறது.
பெயருக்கு ஒட்டகக் கணவாய்.
ஓர் ஒட்டகத்தையும் நான் இங்கே பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் லாரிகள், சக்கரத்துப் புகை,
தடுப்புக் கம்பியில் யாரோ கட்டிவைத்த
பிளாஸ்டிக் பூக்கள்.

என்னுடையது ஜப்பானில் ஓட்டிக் கழித்த டொயோட்டா.
ஸ்டியரிங் வலது பக்கம். சாலையும் வலது பக்கம்.
ஒரு வளைவு விட்டு ஒரு வளைவு
பள்ளம் என் தோளை உரசிக்கொண்டு வரும்.
எதிரே வருவது
இடது சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.
சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல்
ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும்.
ஏழு வருஷமாகக் கேட்கிறேன்.
நன்றியா எச்சரிக்கையா, தெரியாது.
ரெண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்புவேன்.

ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது.
"நீங்கள் உட்கார்ந்தால் போதும், பெகிமாய்,
எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்"
என்றார் விற்றவர்.
என் முன்னாள் கணவனைப் பற்றியும்
இப்படித்தான் சொல்லிக் கட்டிவைத்தார்கள்.

டி-க்குக் கீழே ஒரு 2 இருக்கிறது,
அதற்கும் கீழே ஓர் எல்.
பாதிப் பேர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்,
கல்யாணத்துக்கு வந்து
பெட்டி பிரிக்காத பீங்கான் தட்டுகள் மாதிரி.

முதல் கொண்டையூசிக்கு முன்னால்
பொத்தானை அமுக்கி இரண்டுக்கு இழுத்தேன்.
என்ஜின் அலறியது,
பாதித் தூக்கத்தில் உலுக்கி எழுப்பிய ஆள் போல.
வண்டியின் பிடரியை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.
பிரேக்கிலிருந்து என் கால் எழுந்துகொண்டது.

இடது சீட்டில் தலாய்பெக்,
பிஷ்கெக்கில் செல்போன் கடை.
"அக்கா, என்ஜின் போயிடும்" என்றான்.
"மெஷினுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"
மூன்றாவது வளைவில்
கையை நீட்டி, டி-க்குத் தள்ளிவிட்டான்.

மௌனம்.
எவ்வளவு அழகான மௌனம் அது!
தடுப்புக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பின் சீட்டில் ஜிபாரின் மடியில்
சூசாமிர் சமவெளியில் வாங்கிய குதிரைப்பால்.
மேலே இறுக்கி மூடிய பாட்டில்
இறங்க இறங்கத் தானே ஒடுங்கி
டக் என்றது.
அந்த டக்குக்குள் அவன் கையைத் தட்டிவிட்டிருந்தேன்.
இரண்டு.
திரும்பவும் அலறல்.

மெஷினுக்குத் தெரியும், தலாய்பெக்.
சக்கரம் எத்தனை சுற்று,
கால் எவ்வளவு அழுத்தம்,
இந்த நொடி வரைக்கும் எல்லாமே தெரியும்.
அடுத்த வளைவு இன்னும் நடக்கவில்லை, அதனால் தெரியாது.
இதை நான் சொல்லவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் முன்னால் ஒரு நிலக்கரி லாரி.
ரப்பர் கருகும் வாடை. நடை வேகம்.
முந்துவதென்றால் எனக்கு அவன் கண் வேண்டும்.
தலாய்பெக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி
நெடுநேரம் பார்த்தான்.
"காலி. போகலாம்."
குரலில் ஒரு சமாதானம் இருந்தது.
நம்பியிருக்கலாம்.
எல்-லுக்கு இறக்கி
லாரியின் முதுகைப் பார்த்தபடியே உருட்டினேன்.

நான்கு வளைவுகள்.
அவன் சொன்னதுதான் சரி,
எதிரே ஒன்றுகூட வரவில்லை.
அதை அவனும் சொல்லவில்லை.

சோஸ்னோவ்கா தாண்டித் தரை சமமானது.
நானே டி-க்குத் தள்ளினேன்.
வண்டி தன் பாட்டுக்கு யோசிக்கத் தொடங்கியது,
விட்டுவிட்டேன்.
காதுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பெட்ரோல் போட்டு, மறுபடி சாவியைத் திருப்பியதும்
அந்தப் பெண் ஏதோ சொன்னாள்.
"என்ன சொல்கிறாள்?" என்றான் தலாய்பெக்.
"பெல்ட் போடச் சொல்கிறாள்" என்றேன்.
போட்டுக்கொண்டான்.