டிசம்பர், புக்கிட் தீமா

பின்லாந்திலிருந்து ஐனோ எழுதுகிறாள்:
பனிக்கடியில், இலையுதிர்ந்த பிர்ச்சின் வேர்
சொட்டுச் சொட்டாக நைட்ரஜன் குடிக்கிறதாம்.
"உங்கள் ஊர் மரங்கள் எப்போது உறங்கும்?"

மூன்றாம் நாளாக மழை.
கணுக்கால் சேற்றில், செராயா மரத்தடியில்,
ஜூலையில் நான் புதைத்த வலைப்பையைத் தேடுகிறேன்.
கிடைத்தது.
எனக்கு முந்தி யாரோ பிரித்திருக்கிறார்கள்:
பாலாடை நிறத்தில் ஒரு பூஞ்சை இழை
பையைத் துளைத்து
வேரோடு முடிச்சிட்டிருக்கிறது.

இந்த மண்ணுக்குச் சேர்த்துவைக்கத் தெரியாது.
விழுந்த இலையின் சத்தை மழை கழுவிக்கொண்டு போகுமுன்
வேர் கை நீட்டிவிட வேண்டும்.
இருப்பெல்லாம் மேலே,
நாற்பது மீட்டர் உயரத்தில் நனைந்துகொண்டு.

பதில் தட்டப் பார்க்கிறேன்;
ஈரத் திரை என் விரலை ஏற்க மறுக்கிறது.
கழுத்தில் ஓர் அடி.
உள்ளங்கையில் சிவப்பு.
கொசுவும்
குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.