ஒன்பது பத்து

விடிய ஐந்தரைக்கு பஸ் நிலையத்தடியில்
ஒரு புள்ளிமான் கேற் கேற்றாக மூக்கை வைத்துப் பார்த்தபடி போகிறது.
மருந்துக்கடைக் கேற். ஒரு மூச்சு. அடுத்தது.
பல் வைத்தியரின் கேற். ஒரு மூச்சு. அடுத்தது.
திருகோணமலையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
எனக்கு மட்டும் இன்றைக்கு
அந்த மானைப் பிடித்து
ஒரு முளையத்துக்குள் விடவேண்டும்போல் இருந்தது.

உள்துறைமுக வீதியில், சைக்கிள் திருத்துகிற கடைக்கு மேல்
எங்கள் ஆய்வுகூடம். இரண்டு மேசை, பதினாறு தொட்டி.
வரிமீன் முட்டைக்கு இருபத்தெட்டரைப் பாகை வேண்டும் என்கிறது கையேடு.
அதற்கொரு பெட்டி கேட்டுக் கொழும்புக்கு மூன்று தரம் எழுதினோம்.
பிறகு ரிஃபாயா சொன்னாள்:
"ஜன்னலைத் திற. இந்த ஊரே அந்தப் பெட்டிதான்."

ஆறு பத்துக்கு முட்டைகள்.
முதல் பிளவுக்குத்தான் சுணக்கம்.
பிறகு இரண்டு, நான்கு, எட்டு,
கால் மணிக்கொரு தரம் பிளக்கின்றன
தங்களுடையதென்று ஒரு சொல்லும் வாசிக்காமல்.
தாய்மீன் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலைத்தான்
இன்னும் பிரித்துத் தின்கின்றன.
சொந்த எழுத்து உள்ளே சுருண்டு கிடக்கிறது,
ஒவ்வொரு புரத உருண்டையிலும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று.
நூற்றைம்பது கோடி எழுத்து.
ஒரு சத்தமில்லை.

அந்தப் பார்சலுக்குள்ளேயே தாய் வைத்தனுப்பிய சிலர் இருக்கிறார்கள்.
படியெடுப்புக் காரணிகள் என்கிறது பாடப்புத்தகம்.
எனக்கு இன்று காலையிலிருந்து மான்கள்.
அவர்களில் ஒருவர் தேடுவது எட்டே எட்டு எழுத்து:
ஏ டி டி டி ஜி சி ஏ டி.
அது தற்செயலாகவே பல்லாயிரம் இடத்தில் எழுதியிருக்கும்.
அநேகமானவை வீடில்லாத இலக்கங்கள்.
தொட்டு, சில வினாடி நின்று, விட்டு,
இழையோடு வழுக்கி, எட்டக் குதித்து, மறுபடி தொட்டு.
மற்றக் காரணிகள் கதவு திறந்திருந்தால்தான் வரும்.
இவர்களுக்குச் சுருளின் வெளிப்புறத்தில்
அரைச் சொல் தெரிந்தால் போதும்.
அரைச் சொல்லில் தொங்கிக்கொண்டு
மற்ற அரையை அவிழ்ப்பார்கள்,
பக்கத்தில் இன்னொருவர் வந்து தோள் முட்டினால்.
முட்டாவிட்டால் அதுவும் ஒரு மூச்சு, அடுத்த கேற்.

இதில் எதையும் நான் கண்ணால் கண்டதில்லை.
நான் காண்பது இரண்டு தட்டு.
"அ" சும்மா விட்டவை.
"ஆ"வில், ஒரு கலமாய் இருந்தபோதே
ஊசியால் அந்தச் சிலரின் வாயை அடைத்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
ரிஃபாயா பழைய நுணுக்குக்காட்டியின் கண்ணாடியைத் திருப்பித்
துறைமுகத்தின் வெளிச்சத்தைக் கீழிருந்து பாய்ச்சினாள்.
வெளியே ஒரு படகு திரும்பினால்
உள்ளே முளையம் மினுங்கியது.
ஒன்பது பத்து. ஆயிரம் கலம்.
இரண்டு தட்டும் ஒரே மாதிரி.
"பிழையாய்க் குத்தினாயோ?" என்றாள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
கொஞ்சம் ஆசையாகவே நினைத்தேன்.

பதினொன்றரை.
"அ" தன் மஞ்சள் கருவின்மேல்
தொப்பியைப் பாதிவரை இழுத்து மூடியிருந்தது.
"ஆ" உச்சியிலேயே குந்தியிருந்தது,
ஆயிரமும் சொச்சமுமாய்,
பார்சல் தீர்ந்துபோய்.

ரிஃபாயா கொப்பியில் "நின்றுவிட்டது" என்று எழுதினாள்.
அதை வெட்டி, "தொடங்கவில்லை" என்று எழுதினாள்.
எது சரியென்று கரண்ட் வரும்வரை சண்டை பிடித்தோம்.
கொப்பியில் இப்போது இரண்டும் இருக்கிறது,
வெட்டியதும் வெட்டாததும்.

பின்னேரத்துக்குள் "ஆ"வைக் கழுவி ஊற்றவேண்டும்.
வெயில் மேசைவரை வந்துவிட்டது.
தட்டை நிழலுக்குத் தள்ளி வைத்துவிட்டுச்
சாப்பிடப் போனேன்.