ஒரு விரற்கடை

ஒட்டாரு காவல் நிலையத்திலிருந்து
தொலைபேசி வந்தபோது மணி ஒன்றரை.
சுங்க அலுவலகத்தில் நண்டுப் பெட்டிகளுக்கு
ஆங்கிலத்தில் சீட்டு எழுதுபவள் நான்.
அந்த நேரத்துக்கு இந்தத் துறைமுகத்தில்
வேறு யாரும் கிடைக்கவில்லை போலும்.
இரவு உடைமேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தது
ஒரு வாரமாய்ச் சுவரொட்டிகளில் பார்த்த மொட்டைத் தலை.
சைபீரியக் கொடுங்கரடி.
பனியன் மார்பில் அரிவாள் சுத்தியல்,
மூக்கில் இரண்டு பஞ்சுருண்டை.

பெயர்?
டாரல் கோஸ்டியுக்.
ஊர்?
யார்க்டன், சஸ்காச்சுவான். கோதுமைச் சீமை, மேடம்.
ஹதகேயாமா பேனாவை நிறுத்தினார்.
கனடாக்காரன் எதற்கு ரஷ்யனாக இருக்கிறான், கேளுங்கள்.
கேட்டேன்.
"அடி வாங்க" என்றான்.

ஹோல்ம்ஸ்க்கிலிருந்து பழைய கார் வாங்க வந்த
மாலுமிகள் நாலு பேர்
மதுக்கடையில் அந்த மார்பைப் பார்த்துவிட்டு
அழுதுகொண்டே கட்டிப்பிடித்தார்களாம்.
அந்தக் கொடி இறங்கி
ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது.
வோட்கா வந்தது. ஏதோ கேட்டார்கள்.
இவனுக்குத் தெரிந்ததோ
மேடையில் உறுமும் மூன்று ரஷ்யச் சொற்கள்.
மூன்றையும் சொன்னான்.
அதில் ஒன்று அவர்களுடைய தாய்மாரைப் பற்றியது என்று
பதினான்கு வருடமாய் எவனும் இவனிடம் சொல்லவில்லை.

அப்புறம் நாற்காலி.
அப்புறம் மீன்தொட்டி.
தரையெல்லாம் கணவாய்கள்
மை கக்கிக்கொண்டு கிடந்தன.

"ஒன்றுதான் புரியவில்லை" என்றார் ஹதகேயாமா.
"நூற்று முப்பது கிலோ. பிழைப்பே சண்டை.
எதிரே நாலு நோஞ்சான்கள்.
ஒருவன் முகத்திலும் கீறல் இல்லையே, ஏன்?"

கோஸ்டியுக் தன் கையை உற்றுப் பார்த்தான்,
அடுத்தவன் குடையை
மாற்றி எடுத்து வந்துவிட்டவன்போல.

"ஓங்கத்தான் ஓங்கினேன், மேடம்.
தாடைக்கு ஒரு விரற்கடை இருக்கையில்
தானாக நின்றுவிடுகிறது.
சத்தம் வரட்டுமே என்று
காலால் தரையை ஓங்கி மிதிக்கவும் செய்தேன்.
அவர்கள் விழவில்லை.
விழவேண்டும் என்று
அவர்களுக்குத் தெரியவில்லை."

இதை எப்படி மொழிபெயர்ப்பது?
பொய்ச் சண்டைக்காரன் என்று எழுதிக்கொள்ளவா
என்றார் அவர், உதவி செய்கிற குரலில்.
நான் பொய்யைத் தேடினேன்.
அப்பளமாய்ச் சுருண்ட காது,
காறை எலும்பில் பழைய முறிவின் மேடு,
இன்னும் சொட்டுகிற மூக்கு.
மெய்யெல்லாம் மெய்யாகவே இருந்தது.
அந்த ஒரு விரற்கடை மட்டும்தான் பொய்.
அதற்குள் எத்தனை பேர் தாடை
பிழைத்துக்கிடந்ததோ.

காயப்படுத்தத் தெரியாதவர் என்று எழுதுங்கள் என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைக்காரர் கணக்கு வந்தது:
தொட்டி ஒன்று, கணவாய் பதினொன்று.
பணம் கட்டினால் விட்டுவிடலாம்.
பணம் வெளியே நிற்கிறது என்றான் கோஸ்டியுக்.

நின்றது.
கால்வாய் ஓரம், விளக்குக் கம்பத்தடியில்,
லைல் ஃபென்விக். நல்லவன்.
மறுநாள் சப்போரோவில்
இவனைத் தலைகீழாய்க் கவிழ்த்து
உலகத்தைக் காப்பாற்றப் போகிறவன்.
உள்ளே வரமாட்டான்.
இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்ததை
யாராவது பார்த்துவிட்டால்
போச்சு, இருவர் பிழைப்பும்.

நான் தெருவைக் கடந்தேன்.
விழுந்தவன் உள்ளே கதகதப்பாய் இருக்க
மீசையில் பனி ஒட்டியிருந்தது
நின்றவனுக்கு.
ஈரமான உறையை என் கையில் திணித்தான்.
எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை.

"மூக்கு, எந்தப் பக்கம்?"

இடது என்றேன்.

தலையசைத்தான்.
கையுறைக்குள் முஷ்டியை ஒருமுறை
மடக்கி விரித்தான்.
"அப்போ நாளைக்கு வலது."