எழுபத்தொன்பதாவது நிமிடம்: வைத்திலிங்கம்

இந்த அணிக்கு வயதே ஏறாது.
பதினெட்டு முடிந்தால் ஆளை இறக்கிவிட்டு
அடுத்த தரிப்பில் வேறொருவனை ஏற்றிக்கொண்டு போகும்.
பேர்ன் நகரில் ஓர் அலுமாரி.
அதில் சாம்பல் நிறக் கோப்புகள்,
ஆட்டம், திகதி, ஊர், எண்கள்.
வென்றதை வெற்றி என்று எழுதியிருக்கிறார்கள்.
தோற்றதைப் பெரும்பாலும்
வளர்ச்சி என்று.

பயிற்சியாளர் ஷ்டுக்கிக்கு அந்தச் சொல்லில் ஆசை.
போர்த்துகலிடம் ஐந்து வாங்கிய இரவு
உடைமாற்றும் அறை வாசலில் நின்று சொன்னார்:
பெடியங்களே, பலகையைப் பார்க்காதீர்கள்.
அந்த ஊரில் அந்த நேரம்
பலகையைத் தவிர வெளிச்சம் வேறெதிலும் இல்லை.

நான் இரண்டாவது கோல் காப்பாளன்.
பதினான்கு ஆட்டம் வாங்கில் இருந்தேன்.
எந்தப் பலகையில் எந்த ஆணி துருத்துகிறது என்று
இருட்டிலும் சொல்வேன்.

பிறகு ஒரு மார்ச் புதன்கிழமை, கிரென்ஹென்.
ஜூரா மலையில் பாதிவரை பனி,
கோல் வாயில் அதன் மிச்சம், சேறாக.
ஆஸ்திரியா மூன்று. நாங்கள் ஒன்று,
அதுவும் ட்ரிடனின் முழங்காலில் தற்செயலாகப் பட்டுப் போனது.
லோயிக்கின் சுண்டுவிரல் பிசகியது.
ஷ்டுக்கி திரும்பிப் பார்த்தார்.
வாங்கில் கையுறை போட்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

ஒலிபெருக்கி பெயரைத் தூக்கிப் பார்த்து
பாரம் தாங்காமல் நடுவில் போட்டுவிட்டது.
வைத்தி.
பிறகு ஒரு இருமல்.
அது என் பெயரும் இல்லை.
இந்த நாட்டில் அப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர்.
நான் முன்னால் ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி: நி.
ஆட்டத்தாளின்படி மைதானத்துக்குள் ஓடியது அவர்.

அவரோ அப்போதுதான் வந்து கம்பியைப் பிடித்தார்.
ஓல்டன் உணவகத்தில் மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே
இரண்டரை மணித்தியாலம் விடுவார்கள்.
அன்றைக்கு மரக்கறி லொறி பிந்தி
அதில் பாதியைத் தின்றுவிட்டது.
கட்டம் போட்ட சமையல் காற்சட்டை,
மேலே குளிர்கோட்டு,
பொத்தான் ஒரு துளை மாறிப் பூட்டியிருந்தது.

எண்பத்தொன்றில் பந்து எங்கோ தூரத்தில் நின்றபோது
என் முதுகுக்குப் பின்னால் கேட்டார்:
"ஏன் உன்னை மட்டும் தனிய விட்டிருக்கினம்?"
திரும்பக் கூடாது. திரும்பவில்லை.
எண்பத்துமூன்றில் மணிக்கூட்டைப் பார்த்திருக்க வேண்டும்.
மூலை உதைக்குச் சுவரை ஒழுங்குபடுத்தித் திரும்பினால்
அந்த இடத்தில் கம்பி மட்டும்.

எண்பத்தெட்டு.
உயரமாக ஒரு பந்து, காற்றில் வளைந்து உள்ளே.
வைத்திலிங்கம் ஏறிக் குத்தி விலக்கினார்.
எண்பத்தெட்டு.
வைத்திலிங்கம் ரயில் மேடையில்,
டிக்கெட்டைப் பல்லில் கடித்தபடி
இரண்டு சட்டைப்பைகளிலும் சில்லறை தேடினார்.

விசில். மூன்றுக்கு ஒன்று.
என் நேரத்தில் பூச்சியத்துக்குப் பூச்சியம்.
ஷ்டுக்கி என் தோளில் தட்டி
அந்தச் சொல்லைச் சொன்னார்.

அடுத்த முகாமுக்குக் கடிதம் வரவில்லை.
அதற்கு அடுத்ததற்கு எனக்கு வயது கூடிவிட்டது.
அணிக்குக் கூடவில்லை.

போன மாதம் எழுதிக் கேட்டேன்,
தாளின் நகலை அனுப்பினார்கள்.
அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து
விரலை வைத்து வாசித்தார்.
தன் பெயரில் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.
பிறகு பக்கத்திலிருந்த எண்ணுக்கு நகர்ந்து
பிழை கண்டவர் போல நிமிர்ந்தார்:

"பதினொண்டு எண்டு போட்டிருக்கினம்.
நான் நாலு நிமிஷம்தானே நிண்டனான்."