ஆறு பல்

கிராம சேவகரின் கடிதம் ஒன்று,
மிருக வைத்தியரின் சீட்டு ஒன்று,
இறப்பர் வளையம் போட்ட மூன்று லட்சம்.
முத்தையன்கட்டுக் கிரவல் வீதியில்
கன்ரரை உருட்டியபடி யூட் சொன்னான்:
"அக்கா, விலையை நான் கதைக்கிறன்.
நீங்கள் மாட்டைப் பாருங்கோ."
மாடு என்றால் அவனுக்குக் கொத்துரொட்டி.

தில்லைநடராசா வாய்க்கால் கட்டில் நின்றார்.
என்னைத் தாண்டி லொறிக்குள் எட்டிப் பார்த்தார்.
"ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"
யூட் கையை உயர்த்தினான்.
அவர் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை.

பாலை மரத்தின் கீழ்
மயிலை நாம்பன்.
பார்த்ததும் வேண்டும் என்றிருந்தது.
அதை முகத்தில் காட்டாமலிருக்கக்
குளம்புக்குக் குனிந்தேன்.
பிறகு பின்னங்கால், பிறகு ஏரி,
பிறகு சுழி. சுழியை நான் நம்புவதில்லை;
வாங்க வந்தவள் அதைப் பார்க்காவிட்டால்
விற்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

கீழுதட்டை இழுத்து எண்ணினேன்.
ஆறு பல்.
தொலைபேசியில் நாலு.
"போன மாசம் நாலுதான், பிள்ளை."

"ஆணி தெரியாது. பிரம்பு தெரியாது.
கயிறுகூடத் தேவையில்லை,
சொல்லுக் கேக்கும்."
எல்லாரும் சொல்வதுதான்.
சென்ற வருடம் எனக்குச் செங்காரியை விற்றவனும் சொன்னான்.
வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டியபோது
அதன் தொடையில் பதினேழு தழும்பு.
மயிலையின் தொடையை மயிர் மயிராக விலக்கினேன்.
ஒன்றுமில்லை.
இரண்டாம் தரமும் விலக்கினேன்.

வண்டிலில் பூட்டினார்,
தன் கிழட்டுக் கறுப்பனோடு.
நான் ஏறிக் கயிற்றைப் பிடித்தேன்.
நாக்கைத் தட்டினேன். "ஹேய்" என்றேன்.
இடக்கயிற்றை இழுக்கக்
கழுத்து திரும்பியது, கால் திரும்பவில்லை.
காணி உறுதி எழுதிக் கொடுத்ததுபோல
நின்ற இடத்தில் நின்றது.
யூட் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

தில்லைநடராசா தலையைச் சொறிந்தார்.
கட்டில் நின்றபடியே வாயைக் கையால் மறைத்து
மேல்வரிசையில் இல்லாத இரண்டு பல்லின் வழியாக
ஒரு காற்றை விட்டார்.

அவ்வளவுதான்.
வரம்பும் வாய்க்காலும் பின்னால் ஓடின.
இரண்டு தரம் ஊதினார்: வலப்பக்கம் வளைந்தது,
சில்லு ஒன்று நிலத்தில் இல்லை.
கீழ்ச்சுருதியில் ஒரு தரம்:
பின்னங்கால் இரண்டும் மணலுக்குள் புதைய
அப்படியே நின்றது.
என் கையில் கயிறு தொய்ந்து கிடந்தது.

இறங்கி நானும் ஊதிப் பார்த்தேன்.
எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.
காற்றுக்கு வழியில்லை.

மாட்டின் பல்லை எண்ணியவள்
அவருடைய பல் எங்கே போனதென்று கேட்கவில்லை.
இந்தப் பக்கத்தில் அதைக் கேட்பவர்கள்
படிவத்தோடு வருகிறவர்கள்.

"மூண்டு லட்சம்."
"இரண்டு அறுபது."
"ஏன் பிள்ளை?"
"சத்தம் உங்களோட நிக்குது, ஐயா.
நான் உடம்பை மட்டும்தானே கொண்டு போறன்."
யூட் வாயைத் திறந்தான்.
இருவரும் அவனைப் பார்க்க, மூடினான்.
அவர் நெடுநேரம் யோசித்தார்.
அதில் நியாயம் இருப்பது
அவருக்குப் பிடிக்கவில்லை.
"எண்பது தாங்கோ.
சத்தத்தைப் போனில பதிஞ்சு கொண்டு போங்கோ."

வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.
சேட்டுப் பொத்தானைப் பூட்டினார்.
அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல
நேராக நின்று
மூன்று விதமாகவும் ஊதினார்.
கடைசியை இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார்,
இருமல் விழுந்துவிட்டதாம்.
மாட்டைத் தடவவில்லை.
காசை எண்ணவுமில்லை.

மாங்குளம் ரயில் கடவையில் படலை சாத்தியிருந்தது.
பின்னால் மயிலை பலகையை உதைத்தது.
போனை எடுத்துக் கீழ்ச்சுருதியைப் போட்டேன்.
உதை நின்றது.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
அது போனையும் பார்க்கவில்லை, என்னையும்.
இரண்டு காதும் ஒட்டுசுட்டான் பக்கம்
விறைத்து நின்றன.

வீட்டில் செங்காரி காத்திருக்கிறது.
சித்திரைச் சவாரிக்கு ஏழு கிழமை.
கொழும்புக்குப் போகும் ரயில் எங்களைக் கடந்து முடிய
யூட் கதைத்தான்:
"அக்கா, எனக்கு ஒரு பல்லு ஆடுது."

"முன்பல்லோ?" என்று கேட்டேன்.